கச்சான்

ஆனி மாதம். மேற்கிலிருந்து கச்சான் வீசுகிறது,
வாவிக்கரைப் புல்லெல்லாம் வைக்கோல்.
ஏசியை நாலில் வைத்தாலும்
என் வாகன் ஆர்
இழுப்புக்காரர் மாதிரித்தான் மூச்சு விடுகிறது.

கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை
பெற்றோலைப் பங்கு போட்டு வருகிற டீச்சர்மார்
ஆளுக்கொரு வைத்தியம்.
"கேஸ் முடிஞ்சிருக்கும்", பவளமலர் டீச்சர்.
"கொம்பிரசர் போச்சு.
என்ர மச்சானுக்கு எண்பதாயிரம் முடிஞ்சது", ரஜிதா டீச்சர்.
நடுவில் நெருக்குப்படுகிற யோகமணி டீச்சர்
ஒன்றும் சொல்லாமல்
வினாத்தாள் கட்டால் விசிறிக்கொண்டு வருவா.
அதுதான் எனக்குக் கூடச் சுட்டது.

காலையில் சுவிட்சை அமத்தினால்
யப்பான்காரி ஒருத்தி என்னவோ சொல்லுவாள்.
மூன்று வருஷமாகச் சொல்கிறாள்.
ஏசுகிறாளா, வாழ்த்துகிறாளா தெரியாது, நல்ல குரல்.
"சரி புள்ள" என்றுவிட்டு
றிவேர்ஸ் எடுப்பேன்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்கிறேன்.
ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கால் ஒயில்.
வெள்ளிக்கிழமை ரயருக்குக் காற்று.
பற்றரித் தலையில் பூக்கிற வெள்ளைப் பூவைச்
சுடுதண்ணி ஊற்றிக் கழுவி, வஸ்லின் பூசி;
மார்கழி வெள்ளத்துக்குள் ஓடினால்
அடுத்த நாளே பிறேக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி;
கடலுப்பு அடித்தகட்டைத் தின்னும் என்று
சனிக்கிழமைகளில் ஹோசோடு குனிந்து கிடப்பேன்.
எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று
பக்கத்து வீட்டில் கதை.

தேடியதும் உண்மைதான்.
ரெண்டு கிழமையாக ஒரு துண்டு.
டாஷ்போர்ட் லாச்சிக்குள், கார்ப் புத்தகத்தின்
நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்தது.
முழுக்க யப்பான் எழுத்து.
எங்கள் வீட்டில் ஒருவரும் திறக்காத புத்தகம்
அது ஒன்றுதான்.

காத்தான்குடியில் ஜௌபரின் கராஜ்.
ஸ்கேனரைச் செருகினார். பிழை ஒன்றும் காட்டவில்லை.
கேஸ் அளந்தார். சரி.
கொம்பிரசர் கிளிக்கென்று பிடித்தது. சரி.
காற்று வருகிற துவாரத்தில்
புறங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.
"குளிர் இருக்கு டீச்சர்.
வெளிய வர வழிதான் இல்ல."

லாச்சியை இரண்டு பக்கமும் அமுக்கிக்
கீழே விழுத்தினார்.
பின்னால் ஒரு சின்னக் கதவு.
அதற்குள்ளிருந்து பில்டரை இழுத்தார்.

கச்சான் கோது.
ஒரு மடி கச்சான் கோது.
(இந்த ஊரில் காற்றுக்கும் அதே பேர்.)
சீற்றுப் பஞ்சு, வேப்பங்கொட்டை,
"பகுதி இரண்டு: எவையேனும் மூன்று வினாக்களுக்கு"
வரைக்கும் கிழிந்த தாள்.
வாகனத்துக்குள் தின்னக் கூடாது என்று
பிள்ளைகளுக்கு நான் போட்ட சட்டம்
எலிக்கு எட்டவில்லை.

அந்தக் குப்பைக்குள்ளிருந்து
இளமஞ்சள் துண்டொன்றை ஜௌபர்
ஒயில் விரலால் ஓரத்தில் பிடித்து எடுத்தார்.
ஒரு தரம்தான் பார்த்தார்.
வங்கி முத்திரை. காப்பு, இரண்டு.
லீசிங் கட்ட முடியாமல் போன மாசி மாதம்;
வீட்டில் இவரிடம்
சம்பள முற்பணம் என்று சொல்லியிருந்தேன்.

இலக்கத்தில் கடைசி இரண்டும்
பல்லுக்குப் போயிருந்தன.

மடித்தார். பில்லுக்குள் வைத்து நீட்டினார்.
"பில்டர் ரெண்டாயிரத்தி நானூறு.
இதக் கழுவிப் போடேலா, புதுசுதான்.
வேப்பமரத்துக்குக் கீழ இனி விடாதீங்க."
அவ்வளவுதான் பேசினார்.

சுவிட்சை அமத்தினேன்.
யப்பான்காரி தொடங்கினாள்.
"இவ என்னதான் சொல்றா ஜௌபர்?"
"அட்டை போடல்லயாம்.
அங்கத்தப் பெரிய ரோட்டுக்குக் காசு கட்டுற அட்டை."

மூன்று வருஷம், காலையும் மாலையும்
ஒரு துண்டைத்தான் கேட்டிருக்கிறாள் பாவி.

மணி இரண்டு இருபது.
வங்கி மூன்றுக்குப் பூட்டும்.
ஏசியை ஒன்றில் வைத்தேன்,
குளிர் முகத்தில் அறைந்தது.
கூடவே, எங்கோ ஒட்டிக் கிடந்த
கச்சான் தோலொன்று, சிவப்பு,
துவாரத்தால் பறந்து வந்து
மடியில் விழுந்தது.