தொண்ணூற்றொன்பது மீன் சூப்

ஜூன் மாதம். புன்டா அரேனாஸில்
ஐந்தரைக்கே இருட்டிவிட்டது.
காற்று வந்து தகரக் கூரையை ஒரு முனையில் பிடித்துத்
தூக்கிப் பார்த்துவிட்டு
வேண்டாமென்று வைக்கிறது.

யாஸ்னாவுக்கும் எலியேசருக்கும் பாகப்பிரிவினை.
சோபா, கார், துணி துவைக்கும் இயந்திரம்
எல்லாம் மே மாதமே முடிந்தது.
மிச்சமிருப்பது விளையாட்டுக்குள்,
வடகோட்டையில் இருவர் பெயரிலும் ஒரு பெட்டகம்.
இருநூற்று நாற்பது கட்டம்.
ஆறு வருடம்.

நேருக்கு நேர் கொடுக்கல் வாங்கல் கிடையாது
என்று பேசிக்கொண்டார்களாம். ஆகவே
நடுவில் ஒரு பை வேண்டும்.
"டொமிங்கா, உனக்கு இன்றைக்கு வேலை இல்லைதானே?"
பகலெல்லாம் சரக்குக் கிடங்கில் பெட்டி எண்ணுகிறவளுக்கு
இரவிலும் அதே வேலை, சம்பளம் இல்லாமல்.

என் பையில் நாற்பது கட்டம்.
நாற்பதும் நிறைந்திருந்தது.
பணக்காரி என்று நினைக்க வேண்டாம்:
ஓநாய்த் தோல், விரிசல் விட்ட பளிங்கு,
பூட்டைக் காணாத நாலு சாவி,
திருவிழாவில் சும்மா கொடுத்த பூசணித் தொப்பி,
பிறகு, எதற்கென்று தெரியாமல்
எதற்காவது ஆகுமென்று வைத்த வகையறா.
அடுத்தவர் சொத்தைச் சுமக்க
என்னுடையதைக் கொட்டினேன்.
ஒவ்வொன்றுக்கும் "அழிக்கவா?" என்று கேட்டது.
தொப்பிக்கு மட்டும் இரண்டு தடவை
இல்லை என்று அழுத்தினேன். பிறகு ஆம்.

ஆரம்பித்தார்கள்.
அவன் வடக்கே, சுரங்க விடுதியில்;
பக்கத்துக் கட்டிலில் யாரோ குறட்டை விடுவது கேட்கிறது.
அவள் எனக்கு மூன்று தெரு தள்ளி,
கெட்டில் கொதிப்பதும் கேட்கிறது.
மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்கள்;
எனக்கு இரண்டு காதிலும்.

சந்தையில் ஒரு குதிரைப் படையே வாங்கக்கூடிய
நெருப்புப் பறவையின் இறகை
"நீயே வச்சுக்கோ" என்று தள்ளினான்.
அவளும் தள்ளினாள்.
மூன்று முறை என் பைக்குள் வந்து போனது.
ஆனால் உடும்புச் சேணம்!
கடைக்காரன் பத்துக் காசுக்கு மேல் தரமாட்டான்.
அதற்கு முக்கால் மணி நேரம்.
முதல் உடும்பை யார் பிடித்தது,
யார் வலையைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றது,
அன்றைக்கு யாருடைய அம்மா போன் செய்தது...
கடைசியில் சேணம் அவளுக்கு,
உடும்பு அவனுக்கு.

இரண்டு மோதிரங்கள் கைமாறவில்லை.
அணிந்தவரோடு கட்டுண்டது என்று சிவப்பில் எழுதியிருந்தது.
கொடுக்க முடியாது, வாங்க முடியாது.
கடையில் போட்டால் ஆளுக்கு ஒரு செப்புக் காசு.
"போட்டுடலாம்" என்றான் அவன்.
"போடலாம்" என்றாள் அவள்.
கொஞ்ச நேரம் குறட்டை மட்டும் கேட்டது.
போட்டார்களா என்று நான் பார்க்கவில்லை.
பார்த்திருக்க முடியும்.

கடைசிக் கட்டத்தில் மீன் சூப், தொண்ணூற்றொன்பது.
ஒரு முழுக் குளிர்காலம்
உறைந்த ஏரியில் துளை போட்டு இரண்டு பேரும் பிடித்த மீன்.
குடித்தால் அரைமணி நேரம் பனி அண்டாது.
நாற்பத்தொன்பது அவனுக்கு.
நாற்பத்தொன்பது அவளுக்கு.
ஒன்று என் கையில்.

"அது அவளுக்கு."
"வேண்டாம், அவனுக்கே கொடு."
"டொமிங்கா, காலையில் எனக்கு ஷிப்ட்."
பச்சை விளக்கு ஒன்று அணைந்தது.
கெட்டில் சத்தம் நின்று
இன்னொன்றும் அணைந்தது.

பை இப்போது ஓநாய்த் தோலால்
மறுபடி நிரம்பிக்கொண்டிருக்கிறது.
வரிசைப்படுத்து என்று அழுத்துகிறபோதெல்லாம்
உணவு முதலில் வருவதால்
முதல் கட்டத்தில் அந்தச் சூப்.
எறிந்தால் ஒரு இடம் கிடைக்கும்.
இருவரும் அதற்குப் பிறகு வரவில்லை.

நேற்று பனிக்கணவாயில் தனியாகப் போய்
விறைத்துச் செத்தேன்,
சூப்பை வைத்துக்கொண்டே.
சாவுக்கு அபராதம் என்று
கையிருப்பில் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டார்கள்.