அரைப்பேர்

நோர்வூட்டில் ஆறு மணிக்கே கரண்ட் போய்விட்டது.
லேப்டாப்பில் முப்பத்தொரு சதவீதம்.
அது தீருமுன்
ஐந்து மாதச் சம்பளத் துண்டுகளை எண்ணியாக வேண்டும்.

சத்தியகலா அவற்றைப் பால்மாப் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள்,
பத்துப் பெண்களுடையது.
சிலது ஈரம். ஒன்றில் கொழுந்துச் சாயம்.
மூன்று இரவு இருந்து தட்டினேன்:
நாளுக்கு ஒரு வரி,
தேதி, ஆள், கிலோ,
கடைசியில்
பேர் அல்லது அரைப்பேர்.

வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன்,
இங்கே பேர் என்றால் ஒரு நாள் கூலி.
பதினெட்டுக் கிலோ நிறைந்தால் பேர்.
பதினேழே முக்காலுக்கு
அரை.

பைதனில் நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட்,
எட்டே வரி.
சிக்னல் கிடைக்கும் பஸ் தரிப்பில் நின்று
போனில் பார்த்துப் படித்தது.
முதல் தடவை திரை முழுக்கக் கிறுக்கல்;
ஃபைல் எந்தக் குறியீட்டில் இருக்கிறதென்று
அதற்குச் சொல்ல மறந்திருந்தேன்.
அடுத்த தடவை ஒரு முக்காற்புள்ளி குறைந்தது.
பிறகு சொன்னது:

பேர் 1212
அரைப்பேர் 467

"ஆயிரத்து எரநூறா?
அவ்வளவு எங்க போட்டாங்க?"
என்றாள் சத்தியகலா.

அப்புறந்தான் பிடிபட்டது.
அரைப்பேருக்குள்ளேயும் பேர் இருக்கிறது.
எழுத்தைத் தேடு என்றேன், தேடியது;
முன்னால் ஒட்டியிருந்த அரையை
அது ஏன் பார்க்கப்போகிறது?
அந்த ஒரு நிமிஷம் திரையில் யாருக்கும் வெட்டில்லை.
அட்டை கடித்த நாளுக்கும்
மழையில் தராசடியில் நின்ற நாளுக்கும்
முழுப்பேர்.

"அத அப்படியே பிரிண்டு எடுத்துக் குடு தங்கச்சி."
சிரித்தோம்.
இருபத்திரண்டு சதவீதம்.

வரியைக் காற்புள்ளியில் வெட்டினேன்.
கடைசித் துண்டை எடுத்து
ஓர வெற்றிடத்தைச் சீவி,
சமமா என்று கேட்கச் சொன்னேன்.
சமக்குறி ஒன்று போட்டால் கொடுத்துவிடும்,
இரண்டு போட்டால்தான் கேட்கும்.
இரண்டு போட்டேன்.

பேர் 745
அரைப்பேர் 467

"அதுல பதினேழு தாண்டினது எத்தனை?"
அது எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.
கிலோவை எண்ணாக மாற்றி
இன்னொரு வரி சேர்த்தேன்.

302.

அவள் எதுவும் பேசவில்லை.
துண்டுகளை மாதவாரியாக மடித்து
பைக்குள் வைத்தாள்.
நான் அந்த மூன்று எண்களையும்
கொப்பித் தாளில் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.
ஒன்பது சதவீதம்.

ஹட்டனில் சங்க ஆபீஸ் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.
ஏழே முக்கால் பஸ்.
போய்த் திரும்பப் பகல் ஆகிவிடும்.
நாளைக்கு அவளுக்கு
அரைப்பேர்.