மழை ஒதுங்க ஓர் இடம்

கூட்டக்குறிப்பு எழுதுவது என் வேலை.
ராட்டர்டாம் நகராட்சி, வடக்கு வட்டாரம், வியாழக்கிழமை மாலை.
யார் கத்தினாலும் ‘தெரிவித்தார்’ என்றே எழுதவேண்டும்.

வரைபடத்தை விரித்து வீட்ஸ்கா தெரிவித்தார்:
சதுக்கத்தை ஒன்றரை மீட்டர் தோண்டுவோம்.
சுற்றிலும் ஐந்து படிகள்.
வெயிலில் அது பந்துத் திடல்,
வானம் பிளக்கும் நாளில் குளம்.
சாக்கடை மூச்சுவிடும் வரை
தண்ணீர் அங்கே உட்கார்ந்திருக்கும்.

யோப் வான் சான்டென்
நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து
தெரிவித்தார்:
கடலையே கழுத்தைப் பிடித்துத் தள்ளிய ஊர் இது.
நீங்கள் கம்பளம் விரித்துக் கூப்பிடுகிறீர்கள்.
தவிர, பன்னிரண்டு கார்கள் எங்கே போகும்?

பன்னிரண்டில் ஒன்று அவருடையது.
அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

சைக்கிள் பழுதுபார்க்கும் அதால்பெர்தோ
எதையும் தெரிவிக்கவில்லை.
போன ஆகஸ்டில் முழங்காலளவு தண்ணீரில் கிடந்த
ஒரு சங்கிலியை மேசைமேல் வைத்தார்.
துருப்பொடி வரைபடத்தில் உதிர்ந்தது,
அவர் கடைக்குச் சற்றுத் தள்ளி.

மழைக்கு நாம் ஒதுங்குகிறோம்.
கடை வாசல், பேருந்து நிழற்குடை,
முன்பின் தெரியாதவரின் கூரை;
யாரும் விரட்டுவதில்லை.
மழை எங்கே ஒதுங்கும்?
கட்டடத்துக்கு ஒதுக்கினோம், தாருக்கு ஒதுக்கினோம்,
நின்றபடி தூங்கும் வண்டிகளுக்கு ஒதுக்கினோம்.
மிச்சமிருந்தது அதால்பெர்தோவின் கடை.

பின்வரிசையில் ரொவீனா, பதினான்கு வயது, கை தூக்கினாள்:
குளமானால் கூடை மூழ்குமா?
மூழ்காது.
அப்படியென்றால் சரி.

பத்தொன்பதுக்குப் பதினேழு. நிறைவேறியது.

மறு வருடம் நவம்பரில் ஓர் இரவு
ஜன்னலை உடைப்பதுபோல் அடித்தது.
யாரும் குறிப்பு கேட்கவில்லை; போய்ப் பார்த்தேன்.
தண்ணீர் படிபடியாக இறங்கியது,
புது வீட்டில் விளக்குச் சுவிட்ச் எங்கே என்று
தடவிப் பார்ப்பவரைப்போல.
பந்து ஒன்று மிதந்து
கூடைக்கம்பத்தை முட்டிக்கொண்டிருந்தது.

கடையின் சாய்கூரைக்குக் கீழே
பைஜாமாவும் ரப்பர் பூட்சுமாக யோப் ஒதுங்கி நின்றார்.
கார் மூன்று தெரு தள்ளி.
“நான் வந்ததை எழுதாதே” என்றார்.
உள்ளே, உலர்ந்த தரையில், அதால்பெர்தோ
யாருடைய சக்கரத்தையோ சுற்றிவிட்டுச்
சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கீழிருந்து இரண்டாம் படி. மூன்று.
விடியும்போது நான்காவதன் விளிம்பை நக்கி நின்றது.

ஐந்தாவதற்கு மேல்
வீட்ஸ்காவின் பென்சில்
எதையும் வரைந்திருக்கவில்லை.