எட்டு மில்லிமீட்டர்

ஆண்டுக்கு எட்டு மில்லிமீட்டர்
எழுகிறது எங்கள் நிலம்.
பத்தாயிரம் வருடத்துக்கு முன்
பனிப்பாறை இறங்கிப் போன முதுகு
இன்னும் நிமிர்ந்து முடியவில்லை.
வாசா நகருக்கு மேற்கே
கடல் வரைபடம் திருத்துவது என் வேலை.
போன கோடையில் படகு போன வழியில்
இந்தக் கோடை ஒரு வழுக்கைத் தலை.
பென்சிலால் ஒரு கூட்டல் குறி.
பெயர் பிறகு.

பதினொரு வயதில்
என் கணையத்தின் திட்டுகளை
என் காவலாளிகளே கொளுத்தினார்கள்.
ஏன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.
உருளைக்கிழங்குச் சட்டிக்குப் பக்கத்தில்
கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்தாள் அம்மா.
நாற்பத்து மூன்று வருடம்.
குத்திய கணக்கை ஒருமுறை போட்டேன்,
அறுபதாயிரத்தில் நிறுத்திவிட்டேன்.

இப்போது டாக்டர் தூலா
செவ்வாய்தோறும் ஒன்று போடுகிறார், வயிற்றில்,
ஊசியை ஒழிக்க இன்னொரு ஊசி.
வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் செல்களை
எரிந்த இடத்தில் குடியேற்றி
இன்சுலின் சுரக்கப் பழக்குமாம்.
காவலாளிகளைத் தூங்கவைக்க மாத்திரை தனி.
"பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்" என்றார்,
எதிர்பார்ப்பை மறைக்கத் தெரியாத முகத்தோடு.

ஏழாம் மாதம் ஒரு எண் வந்தது.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு.
"இது உங்களுடையது.
பாட்டிலில் இருந்து வந்ததல்ல."
காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
இந்த உயரத்துக்கு
ஒரு வாத்து நீந்திப் போனாலே மூழ்கிவிடும்.
வரைபடத்தில் இதையெல்லாம் நான் குறிப்பதில்லை.

வீட்டில் பழையபடிதான்.
எல்லாக் கோட்டுப் பையிலும் சர்க்கரைக் கட்டி.
இரவு மூன்று மணிக்கு
அலாரம் இல்லாமல் எழுந்து வரும் ஹோகான்,
கையில் லிங்கன்பெர்ரி சாறு.
நேற்று அவன் வந்தபோது நான் விழித்திருந்தேன்.
மானி ஆறு என்றது.
அரை மணி நேரமாக ஆறு.
தம்ளரோடு நின்றான்.
போய்ப் படு என்றேன்.
கட்டிலோரம் உட்கார்ந்து
அந்தச் சாற்றைத் தானே குடித்தான்,
முகம் சுளித்து.
இருபத்தாறு வருடமாகக் கலக்கியவனுக்கு
இவ்வளவு தித்திக்கும் என்று தெரியாதாம்.

காலையில் படகெடுத்தேன்.
வடக்குக் கால்வாயில், தண்ணீர் என்று நான் எழுதிவைத்த இடத்தில்,
ஒரு ஆலா நின்றுகொண்டிருந்தது.
அலை வந்தது. கால் நனைந்தது.
பறக்கவில்லை.

பென்சிலுக்காகப் பையைத் துழாவினேன்.
சர்க்கரைதான் அகப்பட்டது.