ஒன்பதாம் பெயர்

கபாலாவிலிருந்து வாடகை மோட்டார் சைக்கிளில்
நாலு மணி நேரம்.
பெட்ரோலுக்கு ரசீது கேட்டேன்,
பாட்டிலில் விற்கிறவன் சிரித்தான்.
ஹர்மட்டான் தூசியில்
முக்காடும் புருவமும் ஒரே நிறமாகிவிட,
மடியில் சம்பளப் பட்டியலோடு
கும்பாலியா பள்ளியில் இறங்கினேன்.

பட்டியலில் பதினொரு பேர்.
மாமரத்தடியில் பெஞ்சு போட்டு
ஒவ்வொருவராக அழைத்தேன்.
முகம், அட்டை, விரல்.
மூவர் ஃப்ரீடவுனில் கடை வைத்திருக்கிறார்கள்.
ஒருவர் பிறக்கவே இல்லை,
எந்தக் குமாஸ்தாவோ பெற்றெடுத்த பிள்ளை.
இவர்களை அடிக்கும்போது
பேனா சந்தோஷமாக ஓடியது,
ஒளிக்கவில்லை.

ஒன்பதாம் பெயர்: ஃபோடே மாரா.
"இருக்கிறேன்" என்று
மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள்,
விரலெல்லாம் சாக்பீஸ் மாவு.

காய்ச்சல் வந்த வருடம்
வெள்ளைப் பிளாஸ்டிக் உடுத்தியவர்கள்
ஃபோடேயைத் தூக்கிப் போனார்கள்.
அவன் இறந்ததை
எந்த ஏட்டிலும் எவரும் எழுதவில்லை.
நாற்பதாம் நாள் கழித்து
சிரா அவன் வகுப்புக்குப் போனாள்.
பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்,
வேறு யாரும் வரவில்லை.
மாதக் கடைசியில் அவன் கையெழுத்தைப் போட்டாள்,
முடிவில் அவன் இழுக்கிற வால் உட்பட.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இங்கே ஆறு வருடமாக உதவியிருக்கிறது:
நாலு பிள்ளைகளுக்குக் கசாவா இலைக் குழம்பு,
நாற்பத்தேழு பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு.

என் படிவத்தில் இரண்டே கட்டம்.
உண்டு. இல்லை.

"ஒரு கோடுதானே,
கை கொஞ்சம் நடுங்கட்டுமே" என்றார்
தலைமை ஆசிரியர் கார்போ.
அதற்குள் ஒரு கோணி நிலக்கடலை
என் வண்டியில் ஏறியிருந்தது.
இறக்கச் சொன்னேன்.

அடித்தேன்.

ஒருத்திக்கு இரங்கினால்
அந்த மூன்று கடைக்காரர்களுக்கும்
இரங்க ஒருவர் கிடைப்பார் என்று
பயிற்சியில் சொல்லித்தந்தார்கள்.
உண்மைதான்.
உண்மை என்பதற்காக
அன்றிரவு தூக்கம் வந்துவிடவில்லை.

அவள் பெயரில் விண்ணப்பம் எழுதினேன்.
படத்தின் பின்புலம் வெள்ளையாக இல்லையென்று
திரும்பி வந்தது.
கரும்பலகை முன் எடுத்திருந்தோம்,
அவள் தோளுக்கு மேல்
ஒன்பதேழு அறுபத்து மூன்று.
அடுத்த முறை இரண்டு பையன்கள்
படுக்கை விரிப்பைப் பிடித்து நின்றார்கள்.
ஒருவனின் விரல் ஓரத்தில் விழுந்துவிட்டது,
அதுவும் ஆகாது.
அதற்கடுத்து ஏதோ சான்றிதழ்.
அதற்கடுத்து
காரணமே சொல்லவில்லை.

நானே ஃப்ரீடவுன் போனேன்.
மூன்றாம் மாடி, மின்சாரம் இல்லை.
கோப்பு ஒரு கோப்பையின் அடியில் இருந்தது.
அந்த மேசைப் பெண்
தேநீர் வட்டத்தைச் சட்டைக் கையால் துடைத்து,
நான் நிற்கும்போதே பதிவேட்டில் ஏற்றினாள்.
எதுவும் கேட்கவில்லை.
பெயரை விசாரிக்க மறந்துவிட்டேன்.
அரசு என்று எதையாவது
நான் கண்ணால் பார்த்திருந்தால்
அது அந்தக் கறை பிடித்த சட்டைக் கை.

பதினாலு மாதம்.
தையல் இயந்திரத்தை விற்றாள்.
மூத்தவளை மக்கேனியில் யார் வீட்டுக்கோ அனுப்பினாள்.
வகுப்பை மட்டும் விடவில்லை.
என்னைச் சந்தையில் கண்டால்
முகம் திருப்பிக்கொள்வாள்.
அது அவள் உரிமை.

எண் வந்த அன்று
தொலைபேசியில் கூப்பிட்டு
இலக்கம் இலக்கமாகச் சொன்னேன்.
குரல் அறுந்து அறுந்து போயிற்று.
பக்கத்தில் காகிதம் இல்லையாம்,
பலகையில் எழுதுகிற சத்தம் கேட்டது.

பின்னாலிருந்து ஒரு குழந்தை:
"டீச்சர், இதைக் கூட்டணுமா,
கழிக்கணுமா?"

அவள் என்ன சொன்னாளோ,
அதற்குள் தொடர்பு போய்விட்டது.