ஐந்துக்கு எத்தனை

சஸ்காட்டூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
உளவியல் துறையின் கீழ்த்தளத்தில்
ஹீட்டர் இருமும் அறையில் உட்கார்ந்து
இருநூற்றுப் பன்னிரண்டு மாணவர்களின் குணங்களை
எக்செல் கட்டங்களில் இறக்கிக்கொண்டிருக்கிறேன்.
மணிக்குப் பதினெட்டு டாலர்.

தொடங்கிய வேலையை முடிப்பேன்.
பொருட்களை அங்கங்கே போட்டுவிடுவேன்.
கூட்டத்தில் முதலில் பேசுவது நான்தான்.
ஒன்று என்றால் இல்லவே இல்லை
ஐந்து என்றால் அச்சு அசல் நான்.
கடைசிக் கட்டத்தில் மதிப்பெண் சராசரி.
பொறுப்பானவர்கள் தேறுவார்கள் என்பது
பேராசிரியரின் எதிர்பார்ப்பு.
கோடும் பெரும்பாலும்
அவர் சொல்பேச்சு கேட்கிறது.

நூற்று நாற்பத்தேழு மட்டும் கேட்கவில்லை.
பாதி பென்சில், மீதி பச்சைப் பேனா.
'நேரத்துக்கு வருவேன்' என்ற இடத்தில்
ஒன்றுக்கும் ஒரு வட்டம், ஐந்துக்கும் ஒரு வட்டம்.
ஓரத்தில் எறும்பு எழுத்து:
கோழி ஆலைக்கு ஐந்து.
காலை வகுப்புக்கு ஒன்று.
இரண்டுக்கும் நடுவில் ஒரே பஸ்.

'எளிதில் கவலைப்படுவேன்':
வாடகை வாரத்தில் மட்டும்.
'புதிய கருத்துகள் பிடிக்கும்':
ஐந்து,
அதைச் சுற்றி
காகிதம் கிழியும்வரை வட்டங்கள்.
சராசரி ஐம்பத்தெட்டு.

நானும் முதலாமாண்டில்
ஒரு மதிப்பெண் போனஸுக்காக
இதே படிவத்தை நிரப்பியவள்தான்.
பொறுப்புக்கு வரிசையாக ஐந்து போட்டேன்.
பொய் என்று சொல்லிவிட முடியாது,
அன்று காலை அறையைப் பெருக்கியிருந்தேன்.
அந்தப் பருவம் புள்ளியியலில் கோட்டைவிட்டேன்.
அடுத்த பருவமும்.
இப்போது பிறரை அளக்கிறேன்.

ஓரத்தில் எழுதியதை எங்கே ஏற்றுவது என்று
பேராசிரியருக்கு மெயில் போட்டேன்.
முரண்பட்ட விடைகள், நீக்கிவிடு என்றார்.
கோபமில்லை அவர் சொல்லில்;
அவரது அளவுகோலுக்கு ஓரம் கிடையாது, அவ்வளவுதான்.

நீக்கினேன்.
நூற்று நாற்பத்தாறின் பக்கத்தில்
நூற்று நாற்பத்தெட்டு வந்து உட்கார்ந்தது,
இறங்கிப் போனவரின் சூடு ஆறாத இருக்கையில்
அடுத்தவர் உட்கார்வதுபோல.
கோடு ஒரு மயிரிழை நிமிர்ந்தது.

வெளியே, நிறுத்தத்தில்,
மூக்கு மரத்துப்போக நிற்கிறேன்.
ஏழு நிமிடமாகப் பஸ்ஸைக் காணோம்.
நேரத்துக்கு வருவாயா என்று
அதனிடம் ஒரு படிவம் நீட்டினால்
எந்த எண்ணுக்கு வட்டமிடும்?
பனி, சறுக்கல், டிரைவருக்கு இரண்டாம் ஷிஃப்ட் என்று
அதுவும் எழுத
ஓரம் தேடும்.