கீழ்க்கண்டத்துக்கு ஒரு நாடி

கையிரண்டையும் தலைக்குமேல் வைத்துப் படுத்திருக்கிறார்
சம்மாந்துறை ஆதம்லெவ்வை, வட்டவிதானை, ஐம்பத்தாறு.
தங்கச்சி றாவியாவுக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்க
பஸ் மாறி மட்டக்களப்புக்கு வந்தவர்.
மருந்து ஏறும்போது அடிவயிறு சுடும்,
சாறன் நனைந்ததுபோல இருக்கும், நனையாது என்றேன்.
"நனைஞ்சா என்ன புள்ள,
சேத்துக்குள்ள நிண்ட உடம்பு."

மூச்சைப் பிடியுங்க.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
தொகுதிப் பெருநாடி வெள்ளையாய் எரிந்து இறங்குகிறது.
ஈரல் நாடியின் வலக்கிளை
தன் வீட்டில் பிறக்காமல்
குடலுக்குப் போகும் நாடியில் பிறந்து
முதுகுப் பக்கமாகக் கிறுகி வருகிறது.
வலது சிறுநீரகத்துக்கு ஒன்று, பாடப்புத்தகம் போல.
இடதுக்கு இரண்டு.
இரண்டாவது இழை மாதிரி,
ஒரு விரல் தள்ளிக் கீழே புறப்பட்டு
அடி நுனிக்கு மட்டும் போகிறது.

பிறக்குமுன் சிறுநீரகம் இடுப்புக்குள் இருந்தது.
மேலே ஏறுகையில் தரித்த இடமெல்லாம்
புதிதாய் ஒரு நாடியைப் பிடித்தது,
பழையதை விட்டது.
சிலவேளை ஒன்றை விடுவதில்லை.
ஏன் என்று விரிவுரையில் யாரும் சொல்லவில்லை.
வாகரையிலிருந்து வந்து
மூன்று முகாம், மூன்று குழாயடி வரிசை கண்ட நான்
கேட்கவுமில்லை.

காட்டக் கூடாது. காட்டினேன்.
"இது களவு வாய்க்கால்" என்று சிரித்தார்.
"மறிச்சுப் போடலாமா?"
ஒண்ணா.
மறித்தால் அந்த நுனி செத்துவிடும்,
வேறு வழியால் அதுக்கு இரத்தம் வராது.
ஒள்ளுப்பம் பேசாமல் இருந்தார்.
"கடைசி வயக்காரன்" என்றார் மறுகா.
"எனக்கிட்டச் சண்டைக்கு வாறவன் எப்பவும் அவன்தான்."

படிவத்தில் இரண்டு சொல்: இயல்பு, இயல்பல்ல.
பொருந்தாததை வெட்டுக.
நாலு பேரில் ஒருவருக்கு இப்படித்தான் இருக்கும்.
பேனையை மூடி வைத்துவிட்டுக் கீழே எழுதினேன்:
இடது இரண்டு, வலது ஒன்று,
ஈரல் நாடியையும் கவனிக்கவும்.
எந்தப் பக்கம் எடுப்பது என்று வைத்தியர்கள் பார்க்கட்டும்.

இடுப்புப் பட்டியை இறுக்கிக்கொண்டு கதவடியில் நின்றார்.
"இந்தப் படத்துல ஒண்டு எனக்கும் தாறீங்களா?
கூட்டத்துல காட்டோணும்.
கீழ்க்கண்டத்து வாய்க்கால் அவங்கட படத்துல இல்லையாம்.
படத்துல இல்லாட்டி
தண்ணி ஓடல்லயா, புள்ள?"

அடுத்தது
ஏறாவூர், பெண், நாற்பத்திரண்டு, பித்தப்பை.